கூரைமேல் ஏறுபவருக்கு யார் பொறுப்பு?

புரட்டாதி பிறந்துவிட்டால் மட்டக்களப்பில் மேசன்மாருக்கும் கூரை வேலை செய்பவர்களுக்கும் ஓய்வில்லை. ஐப்பசி மழை இறங்குவதற்குள் உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும், ஒழுகும் சீற்றை அடைக்க வேண்டும், பீலியில் தேங்கிய சருகை அள்ள வேண்டும். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, பட்டிப்பளைப் பக்கமிருந்து விடியற்காலையிலேயே வாவியைத் தாண்டி எழுவான்கரைக்கு வேலைக்கு வருகிறார்கள். அதற்கு முன்பே வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தமும் வந்துபோயிருக்கும். அந்த நாட்களில் கட்டிய பந்தல், வீதி நெடுகத் தொங்கிய மின்குமிழ், மரத்தின் உச்சியில் கட்டிய ஒலிபெருக்கி எல்லாமே யாரோ ஒருவர் ஏணியில் ஏறிச் செய்த வேலைதான்.

அப்படி ஏறுபவர்களில் ஒருவர் விழுகிறார். இடுப்பு முறிகிறது, அல்லது முள்ளந்தண்டு நொறுங்குகிறது, அல்லது தலையில் அடிபட்டு உயிர் போகிறது. ஊரில் அன்று மாலையே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: “கவனமில்லாம ஏறிட்டான்”, “அவருக்கு நேரம் சரியில்ல.” வேலை கொடுத்தவர் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் காசு தருகிறார். சவ வீட்டுக்கு வந்து நின்று கண்கலங்குகிறார். அத்துடன் முடிந்தது. விழுந்தவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சட்டப்படி என்ன சேர வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் நன்றி கெட்டவர்கள் என்று பெயர் வருமோ என்ற கூச்சம் வேறு. அந்தக் கூச்சத்தை உடைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். இலங்கைச் சட்டத்தில் வேலையாள் நட்டஈடு என்பது ‘யார் கவனக்குறைவு’ என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே இல்லை.

கவனம், பழக்கம் என்று பேசுகிறோமே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த மாவட்டத்திலிருந்து கட்டார், சவூதி, துபாய் என்று போய்க் கட்டட வேலை செய்து திரும்பியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பெரிய கம்பனித் தளங்களில் வேலை செய்தவரைக் கேட்டால், அங்கே உடம்பு முழுதும் மாட்டும் பெல்ட் இல்லாமல் மேலே ஏற விடமாட்டார்கள் என்பார். தொப்பி, சப்பாத்து இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அதே மனிதர்தான் இங்கே வந்து கல்லடியில் இரண்டாம் மாடிச் சுவருக்கு வெளியே, ஒற்றைப் பலகையில், செருப்புக்கூட இல்லாமல் நின்று பூசுகிறார். அங்கே இருந்த கவனம் விமானத்தில் வரும்போது தொலைந்துபோகவில்லை. அங்கே வேலை கொடுத்தவர் ஏற்பாடு செய்தார். இங்கே யாரும் செய்யவில்லை.

பத்து அடியிலிருந்து விழுபவர் முக்கால் விநாடியில் தரையைத் தொட்டுவிடுவார். அப்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீற்றர். இருபது அடியென்றால் 39 கிலோமீற்றர். எட்டிப் பிடிக்கவோ உடம்பைத் திருப்பவோ நேரமே கிடையாது. ‘ஒரு மாடிதானே’ என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் உயரம் அந்தப் பத்து அடிதான். பாதுகாப்புச் சட்டங்களில் முன்னோடியான பிரித்தானியாவிலேயே 2023/24ஆம் ஆண்டில் வேலையிடத்தில் இறந்த 138 பேரில் 50 பேர் உயரத்திலிருந்து விழுந்தவர்கள். வேறெந்தக் காரணத்தையும்விட இது அதிகம். அங்கே 2005 முதல் உயர வேலைக்கென்றே தனி விதிகள் உண்டு. சிங்கப்பூரிலும் 2013 விதிகளின்படி, 3 மீற்றருக்கு மேலிருந்து விழக்கூடிய அபாயகரமான வேலைக்கு எழுத்தில் அனுமதி வாங்காமல் ஏற முடியாது.

நம் ஊர் மண்ணுக்கென்று சில ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது மணல். கல்லடி, நாவலடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் நிலமெல்லாம் குருமணல். ஏணியின் இரண்டு காலும் ஒரே அளவில் புதைவதில்லை. ஆள் மேலே போகப்போக ஒரு கால் மட்டும் இன்னும் இரண்டு அங்குலம் இறங்கும். கீழே இரண்டு அங்குலம் சரிந்தால் பதினாறு அடி உயரத்தில் ஏணி அரை முழத்துக்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். மேலே நிற்பவர் அதைச் சமாளிக்கத் தன் உடம்பை மறுபக்கம் எறிவார். விழுவது அந்தக் கணத்தில்தான். இதைத் தடுக்கப் பெரிய செலவில்லை. இரண்டு கால்களுக்கும் கீழே ஒரே நீளப் பலகையைப் போட்டு, அதை மண்ணில் அமர்த்தி, ஏணிக்கால் வழுக்காமல் பலகையில் ஒரு சட்டம் அடித்துவிட வேண்டும். மேல்நுனியைக் கயிற்றால் கட்ட வேண்டும். கட்டி முடியும்வரை கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு நடக்கிறது. “ஏணிய ஆரு பிடிக்கிற தம்பி?” என்று வீட்டு அக்கா கேட்பார். “அது தேவல்ல அக்கா, நான் பழகின ஆள்” என்று பதில் வரும். அக்காவும் உள்ளே போய்விடுவார். உள்ளே போகாதீர்கள். “பிடிக்க ஆள் வந்தாப்பிறகு ஏறுங்க, அதுக்கும் சேர்த்துச் சம்பளம் தாறன்” என்று சொல்லுங்கள். கையாளின் ஒருநாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பல வீடுகளில் காலம் முழுக்க நீங்காத துக்கம் வந்திருக்கிறது.

ஏணியை எவ்வளவு சாய்த்து வைப்பது என்பதற்கு உலகமெங்கும் ஒரே கணக்கு: நாலுக்கு ஒன்று. ஏணி சுவரைத் தொடும் இடம் பதினாறு அடி உயரம் என்றால் அதன் கால் சுவரிலிருந்து நாலு அடி தள்ளி இருக்க வேண்டும். இதைவிட நிமிர்ந்தால் ஆளோடு பின்னால் விழும். இதைவிடப் படுத்தால் கால் வழுக்கும். கூரைக்கோ மொட்டைமாடிக்கோ இறங்குவதற்காக வைக்கும் ஏணி, இறங்கும் இடத்துக்கு மேலே மூன்று அடி நீண்டிருக்க வேண்டும். ஏணியிலிருந்து கூரைக்குக் கால் மாற்றும்போதுதான் பிடிக்க எதுவுமில்லாமல் பலர் தவறுகிறார்கள். ஏறும்போது இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்கட்டும். பெயின்ற் வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறுபவருக்கு இது முடியாது. வாளியைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கட்டும். ஏணி என்பது ஏறி இறங்கவும் சில நிமிட வேலைக்கும்தான். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்று செய்ய வேண்டிய வேலைக்குச் சாரக்கட்டுத்தான் தேவை.

இரண்டாவது ஆபத்து சீற் கூரை. என் கணக்கில் இதுவே மிகக் கொடியது, ஏனென்றால் இது பார்வைக்கு உறுதியாகத் தெரியும். வருடக்கணக்கில் வெயிலும் உப்புக்காற்றும் மழையும் பட்ட அஸ்பெஸ்டஸ் சீற் மேலே பாசி பிடித்துக் கறுத்துத் தடிப்பாகத் தோன்றும். உள்ளே அது வரண்ட அப்பளம். ஆள் கால் வைத்த இடத்தில் வெடிப்பதுகூடக் கேட்காது, நேரே வீட்டுக்குள் சீமெந்துத் தரையில் போய் விழுவார். ஆணி அடித்த வரிசையில் நடந்தால் கீழே வளைமரம் இருக்கிறது, பயமில்லை என்று மேசன்மார் சொல்வார்கள். மழை ஈரத்தில் கால் ஒரு சாண் வழுக்கினால் அந்த வரிசை போய்விடும். வீட்டுக்குள் வெளிச்சம் வரட்டும் என்று இடையில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் சீற் இன்னும் மோசம். ஊத்தை படிந்தபின் மேலிருந்து பார்த்தால் அதை மற்றச் சீற்றிலிருந்து பிரித்தறியவே முடியாது.

சீற்றின் மேல் ஒருபோதும் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது. குறைந்தது இரண்டு வளைமரங்களைத் தாண்டிப் பிடிக்கும் நீளமும் ஒரு முழ அகலமும் கொண்ட உறுதியான பலகைகளைப் போட்டு, அவற்றின் மேல்தான் போக வேண்டும். ஒரு பலகையில் இருந்துகொண்டு அடுத்ததை நகர்த்த இரண்டு பலகையாவது வேண்டும். அதைவிட நல்லது, வேலையை உள்ளிருந்து செய்வது. ஒரு சீற்றை மாற்றுவதென்றால் வீட்டுக்குள் மேசைச் சாரம் கட்டி, கீழிருந்தே ஆணியைக் கழற்றிவிடலாம். விழுவதற்கே இடமில்லாமல் வேலையை மாற்றியமைப்பதுதான் முதல் பாதுகாப்பு. பெல்ட்டும் தொப்பியும் அதற்குப் பிறகுதான். கழற்றிய சீற்றை உடைத்தும் அறுத்தும் தூசு கிளப்பாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலில் தங்கிப் பல வருடங்கள் கழித்து நோயாகும்.

மூன்றாவது மின்கம்பி. பிரதான வீதியோரங்களில் போகும் 33,000 வோல்ட், 11,000 வோல்ட் கம்பிகளைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் பாயும். அலுமினிய ஏணியை நிமிர்த்தும்போது, மாடிக்குக் கொங்கிறீற் கம்பியைத் தூக்கிக் கொடுக்கும்போது, தேங்காய் பிடுங்க இரும்புக் கொக்கத்தடியை நீட்டும்போது, கோயில் தோரணத்துக்கு ஈரக் கயிற்றை எறியும்போது என்று உயிர் போன விதங்கள் பல. ஏணி எவ்வளவு நீளமோ, அது எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் கம்பிக்கு எட்டாத தூரத்தில் வேலை இருக்க வேண்டும். முடியாதென்றால் மின்சார சபைக்கு எழுதிக் கொடுத்து, குறித்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அறுந்த கம்பியைக் கண்டால் 1987 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். மின்சாரம் தாக்கிக் கிடப்பவரைப் பிடித்து இழுக்க ஓடிய இரண்டாமவரும் இறந்துபோவது இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. முதலில் மின்சாரம் நிற்க வேண்டும்.

சாரக்கட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கமுகந்தடி, சவுக்கு, மூங்கில் எதில் கட்டினாலும் தவறில்லை. தவறு மற்ற இடங்களில் இருக்கிறது. ஒரு சாரத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். நிற்க ஒற்றைப் பலகை. அதன் ஒரு நுனி குறுக்குத்தடிக்கு வெளியே இரண்டு அடி நீட்டிக்கொண்டிருக்கும், கட்டு இல்லை. பூசிக்கொண்டே பின்னுக்கு நகரும் மேசன் அந்த நுனியில் கால் வைத்தால் மறுநுனி எழும்பும், பலகையும் ஆளும் ஒன்றாகக் கீழே வரும். கைப்பிடித் தடி எங்கேயும் இல்லை. நைலோன் கயிறு போன வருட வேலையில் வெயிலில் கிடந்தது. இழுத்தால் நார் நாராக உதிர்கிறது. இரும்புக் குழாய்ச் சாரமென்றால் உப்புக்காற்றில் பூட்டுகள் துருவேறிப் பாதிதான் இறுகும். குறைந்தது மூன்று பலகை அகலம், இரு நுனியிலும் கட்டு, இடுப்பளவில் ஒரு தடி, அதற்கும் பலகைக்கும் நடுவே இன்னொன்று, சாரத்தைச் சுவரோடு பிணைக்கும் கட்டு. இவ்வளவும் செய்ய ஒரு காலை நேரம் போதும்.

உடம்பு முழுதும் மாட்டும் பெல்ட் நல்லதுதான், ஆனால் அதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஆறு அடிக் கயிறு, அதிர்ச்சியைத் தாங்க விரியும் பகுதி மூன்றரை அடி, பெல்ட் கொளுவிக்குக் கீழே உள்ள ஆளின் உயரம் ஐந்து அடி, மிச்சம் வைக்க வேண்டிய இடைவெளி மூன்று அடி என்று கூட்டினால் பதினேழரை அடி வருகிறது. பன்னிரண்டு அடிக் கூரையில் அந்தக் கயிற்றைக் கட்டியவர் பெல்ட்டோடு சேர்ந்து தரையில்தான் மோதுவார். தாழ்ந்த கூரையில் கயிற்றைக் குறுக்கிக் கட்ட வேண்டும். ஆள் விளிம்புக்கே போக முடியாத நீளம் போதும். கட்டும் இடம் பீலியோ சிலாகையோ ஆகக் கூடாது. கொங்கிறீற் தூணோ பீமோ வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை விட்டுவிடுங்கள், விழும்போது அதுவே உள்ளுறுப்பைக் கிழிக்கும். பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருப்பவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்கவும் வேண்டும். தொங்கும் உடம்பில் இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும், உயிரும் போகலாம்.

வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் கூரை வேலையை நிறுத்திவிடுவதே புத்தி. சீற்றும் தகரமும் அடுப்பாகக் கொதிக்கும்போது தலைசுற்றலுக்கு அனுபவசாலி, புதியவர் என்ற பேதமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பெயரில் தொழிற்சாலைக்கு உரியது என்றாலும், கட்டட நிர்மாண வேலைகளுக்கும் அதன் பாதுகாப்புப் பகுதிகள் பொருந்தும். வேலை செய்யும் இடத்துக்குப் பாதுகாப்பாகப் போய்வர வழி வேண்டும், விழக்கூடிய இடத்தில் தடுப்போ வேறு ஏற்பாடோ வேண்டும் என்பது அதன் அடிப்படை. இதைப் பார்க்கும் பொறுப்பு தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்களுக்கு. உயிரிழப்போ கடுமையான காயமோ நேர்ந்தால் வேலை நடத்துபவர் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா என்று குடும்பத்தினர் தொழில் அலுவலகத்தில் கேட்கலாம். விபத்து நடக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆபத்தான சாரத்தில் ஆட்களை ஏற்றுகிறார்கள் என்று முன்கூட்டியே முறையிடலாம்.

பணத்தைப் பொறுத்தவரை முக்கியமானது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலை காரணமாக, வேலையின்போது விபத்து நடந்ததா என்பதுதான் அதன் கேள்வி. முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையாள் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தார் என்பதும் உரிமையை அழிக்காது. காயத்துக்கான நட்டஈட்டை முதலாளி மறுக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் சில உண்டு: மதுபோதையில் இருந்ததால் விபத்து நேர்ந்தது, பாதுகாப்புக்கென்று தெளிவாகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறினார், கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றினார். பெல்ட்டே கொடுக்காதவர், பெல்ட் போடவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. இதை நன்றாக நினைவில் வையுங்கள், ஏனென்றால் நியாயம் பேச வருபவர்கள் முதலில் எடுக்கும் வாதம் இதுதான்.

நாட்கூலி என்பதும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதும் தடையல்ல. வாய்ப்பேச்சில் அமர்த்தியிருந்தாலும் சட்டம் ஏற்கிறது. பெரிய கொந்தராத்துக்காரர் வேலையைச் சின்னக் கொந்தராத்துக்காரருக்குப் பிரித்துக் கொடுத்து, அவரிடம் காசில்லை என்றால், மேலே இருப்பவரிடமும் கேட்கலாம். 2022இல் வந்த திருத்தம் நட்டஈட்டின் உச்ச வரம்பை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துகளையும் உள்ளே கொண்டுவந்தது. தொகை சம்பளத்தையும் இயலாமையின் அளவையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே வாங்கிய சம்பளத்துக்கு ஏதாவது சான்று இருப்பது பெரிய உதவி. கூலியைக் குறித்த கொப்பி, வங்கி வைப்பு, கைபேசியில் வந்த செய்தி எதுவானாலும் வைத்திருங்கள்.

இறப்பு நேர்ந்தால் நட்டஈட்டை முதலாளி நேரே குடும்பத்தின் கையில் கொடுத்துக் கணக்கு முடிக்க முடியாது. நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும். தங்கியிருப்போருக்குப் பங்கிடுவது அவர். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. செத்த வீட்டில், அழுது களைத்த ஒரு பெண்ணிடம் முத்திரை ஒட்டிய தாளை நீட்டி, “இதில ஒரு கையெழுத்து வைங்க தங்கச்சி, காசு தாறம், இனிப் பிரச்சினையில்ல” என்று சொல்லும் காட்சி எல்லாருக்கும் தெரிந்ததுதான். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் அப்படியான உடன்படிக்கை சட்டத்தின் முன் நிற்காது. ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர்களும் மனம் தளர வேண்டாம், போய்க் கேளுங்கள்.

ஓர் இடத்தில் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘முதலாளியின் தொழிலுக்காக அல்லது வியாபாரத்துக்காக’ அமர்த்தப்பட்டவர் என்பதே வேலையாளுக்கான அடிப்படை. கடைக்காரர் தன் கடைக்கு அமர்த்தினாலோ, கொந்தராத்துக்காரர் ஆள் வைத்தாலோ சிக்கலில்லை. ஒரு குடும்பம் தன் சொந்த வீட்டுக் கூரைக்கு நேரடியாக ஒரு மேசனைக் கூப்பிட்டால், இந்தச் சட்டத்தின் கீழ் கேட்பது கடினம். அப்போது மிச்சமிருப்பது மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கும் நட்டஈட்டு வழக்கு. அதில் வீட்டுக்காரரின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டும், இரண்டு வருடத்துக்குள் தொடுக்கவும் வேண்டும். மட்டக்களப்பில் நடக்கும் சின்னக் கூரை வேலைகளில் பெரும்பாலானவை இந்த ஓட்டைக்குள்தான் விழுகின்றன என்பது என்னை வருத்துகிறது. தேங்காய் பிடுங்குபவருக்கும், மரம் ஏறிக் கள் இறக்குபவருக்கும் நிலை இதைவிடக் கஷ்டம். அவர்களுக்குப் பெரும்பாலும் முதலாளி என்று ஒருவரே கிடையாது. சுயதொழில் செய்வோர் சேரக்கூடிய ஓய்வூதியத் திட்டம் சமூகப் பாதுகாப்புச் சபையிடம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் அதன் விபரத்தைக் கேட்டு, உடம்பில் பலம் இருக்கும்போதே சேர்ந்துவிடுவது நல்லது.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்துவது குற்றம். வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதே 2021 திருத்தத்தோடு 16 ஆகிவிட்டது. பாடசாலையை விட்டுவிட்டு மாமாவோடு கையாளாக வந்த பையனைச் சாரத்தில் ஏற்றாதீர்கள்.

விழுந்தபின் முதல் மணித்தியாலம்

விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் பருக்கி, ஓட்டோவில் மடித்துப் போட்டுக் கொண்டுபோவதுதான் நம் பழக்கம். பாசத்தில் செய்வதுதான், ஆனால் முறிந்த முள்ளந்தண்டு அந்தத் தூக்கலில் நரம்பை அறுத்துவிடும். நடக்கக்கூடியவராக இருந்திருக்க வேண்டியவர் காலம் முழுக்கப் படுக்கையில் கிடப்பார். மேலே இன்னும் ஏதும் விழும் ஆபத்து இல்லையென்றால் கிடந்தபடியே விடுங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையையும் கழுத்தையும் அசையாமல் இரு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். இரத்தம் பாயும் இடத்தைத் துணியால் அழுத்துங்கள். வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம், சத்திரசிகிச்சை தேவைப்படலாம். 1990 ‘சுவசெரிய’ அம்பியூலன்ஸ் இலவசம், தமிழிலும் பேசலாம். மூச்சு இல்லையென்றால் மட்டும் முறிவைப் பற்றி யோசிக்காமல் மல்லாத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

வைத்தியசாலையில் ‘வீட்டில் வழுக்கி விழுந்தது’ என்று சொல்லச் சொல்வார்கள். பொலிஸ், வழக்கு என்று அலையாமலிருக்க அது வசதி என்பார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். எந்த இடத்தில், யாருடைய வேலையில், என்ன உயரத்திலிருந்து விழுந்தார் என்று உள்ளபடியே பதியச் சொல்லுங்கள். முதல் நாள் பதிவில் பொய் இருந்தால் பின்னால் உண்மையைச் சொல்லும்போது அதுவே எதிராக நிற்கும். பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதி எடுங்கள். நீதிமருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேளுங்கள். இறந்திருந்தால் மரண விசாரணையில் சாட்சி சொல்பவர் வேலையைப் பற்றிச் சொல்ல மறக்கக் கூடாது. சாரமும் ஏணியும் அன்றிரவே கழற்றி அகற்றப்படும். அதற்குமுன் கைபேசியில் நாலு படம் எடுங்கள்: விழுந்த இடம், ஏணிக்கால், உடைந்த பலகை, மேலே உள்ள கட்டு. கூட வேலை செய்தவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள். நாளைக்கு அவர்களுக்கும் அதே முதலாளியிடம் வேலை வேண்டும். நாள் போகப்போக நினைவு மங்கிவிடும்.

வேலை கொடுத்தவருக்கு விபத்தை எழுத்தில் அறிவித்து, பதிவுத் தபால் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மட்டக்களப்பிலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போனால் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்கும் வழியைக் கேட்டறியலாம். ஆணையாளர் அலுவலகம் கொழும்பில் இருக்கிறது என்று மலைக்க வேண்டாம். தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு. முப்பத்தோராம் நாள் முடியட்டும், ஆண்டுத் திவசம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் 1978இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையம் இருக்கிறது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அங்கே உதவி இலவசம். சிவில் வழக்கா, ஆணையாளரிடம் கோரிக்கையா என்பதைத் தொடங்குமுன்பே அங்கே கேட்டு முடிவெடுங்கள். ஒன்றில் இறங்கினால் மற்ற வாசல் மூடக்கூடும். கம்பனியில் வேலை செய்தவரென்றால் ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதிக் கணக்குகளையும் மறக்க வேண்டாம். நிரந்தர இயலாமைக்கும் இறப்புக்கும் அவற்றில் கொடுப்பனவுகள் உண்டு. நாட்சம்பளக்காரருக்கும் அந்த நிதிகளைக் கட்ட வேண்டியது முதலாளியின் கடமை. கட்டவில்லை என்றால் அதுவும் முறைப்பாட்டுக்கு உரியதே.

2022 யூன் மாதம் சர்வதேசத் தொழில் அமைப்பு, பாதுகாப்பான வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. இலங்கையில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகமும் பயிற்சி தருகிறது. அந்தப் பயிற்சி கொழும்பிலிருந்து நம் ஊர் மேசன்மாரிடம் வந்து சேர்வதற்கு, கேட்பவர்கள் இங்கே இருக்க வேண்டும். பிரதேச சபைகளும் மாநகர சபையும் கட்டட அனுமதி கொடுக்கும்போது வரைபடத்தைப் பார்க்கின்றன, எல்லையைப் பார்க்கின்றன. சாரம் எப்படிக் கட்டப்போகிறீர்கள் என்று ஒரு வரி கேட்டால் என்ன? ஆலய நிர்வாகங்கள் பந்தலுக்கும் மின்விளக்குக்கும் கொந்தராத்துக் கொடுக்கும்போது, ஏறுபவர்களுக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டு அதையும் உடன்படிக்கையில் எழுதலாம். உபயகாரர் யாரும் அதற்குக் குறை சொல்லமாட்டார்கள்.

சீற் கூரையில் போடும் பலகை இரண்டு, நல்ல ஏணி ஒன்று, உடம்பு முழுதும் மாட்டும் பெல்ட் இரண்டு, தொப்பி நாலு. தனியொரு மேசனுக்கு இது பெரிய செலவு; கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குப் பெரிய செலவில்லை. மரண வீட்டுக்குக் கதிரையும் கூடாரமும் வாடகைக்குக் கொடுக்கும் சங்கங்கள் நம்மிடம் ஊருக்கு ஊர் உண்டு. அதே களஞ்சியத்தில் இவற்றையும் வாங்கி வைத்து, கூரை வேலைக்குப் போகிறவர் பெயர் பதிந்து எடுத்துப்போய் மாலையில் திருப்பித் தரும்படி செய்யலாம். கயிறும் பெல்ட்டும் நைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக் குறிக்க, கட்டார் போய்வந்த ஒருவரை அந்தச் சங்கத்திலேயே கண்டுபிடிக்கலாம். புரட்டாதிக்கு முன்பே ஒரு கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள்.